முதலிலிருந்து ஒரு பில்ட்

அஜந்தன் சேருக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. பதுளை டவுனில் அவருடைய கம்பனி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசு செய்து தோட்டங்களுக்கு விற்கிறது. தராசுக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவள் நான். எங்கம்மா வேலாயி கொழுந்தெடுக்கும் தோட்டத்திலும் அந்தத் தராசுதான்.

அப்படிப்பட்ட புரோகிராமில் முக்கால்வாசி, இன்டர்நெட்டில் ஊரார் எழுதி வைத்த துண்டுகள். இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மாறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வந்தபடியே ஒரு டிஸ்க்கில் சேர்த்து வைப்பேன். அதிலிருந்து யார், எங்கே, எப்போது பில்ட் செய்தாலும், அதாவது துண்டுகளைக் கோத்து ஓடும் புரோகிராமாக ஆக்கினாலும், கடைசி எழுத்து வரைக்கும் அதே புரோகிராம்தான் வரும். என்ன, முடிய அரை நாள் பிடிக்கும்.

"டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியணும் விதுஷா. இந்த மூட்டையெல்லாம் எதுக்கு?" என்பார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் அழித்தார். எங்கோ செய்து வந்த ரெடிமேட் துண்டுகளைப் போட்டு ஒட்டினார். அவற்றுக்குள் என்ன இருக்கிறதென்று யாராலும் திறந்து பார்க்க முடியாது.

அதற்குப் பிறகுதான் தராசு சாக்குக்கு ஒரு கிலோ விழுங்க ஆரம்பித்தது. பெண்கள் அப்புத்தளைக் கடையில் ஒரு சாக்கை நிறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ரமேஸ் போய்க் கேட்டார். அஜந்தன் கூசாமல் சொன்னார்: "எழுதினது வேலாயி மக. அவ எழுதினதுக்கு மேல நாங்க ஒரு எழுத்தும் தொடல."

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எங்கம்மாவோடு பேச்சு நின்றது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் சாக்கைத் தூக்கிவிட ஒரு கை வரவில்லை. "ஒம் மக படிச்சது நம்ம வயித்துல அடிக்கவா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருத்தி கேட்டாள். அம்மா குடத்தோடு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த மனிதரை அதே மடுவத்தில் தலைகுனிய வைப்பதென்று.

முதல் தராசு பொருத்திய நாளில், டிஸ்க்கின் பிரதி ஒன்றைச் சீல் வைத்து ரமேஸ் அண்ணனிடம் கொடுத்திருந்தேன். "அதுல இருந்து எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டுறேன். தராசுல இருக்கிறது என்னோடதுன்னா ரெண்டும் ஒன்னா இருக்கும்," என்றேன். அவர் அஜந்தனையும் வரவழைத்தார்.

ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்ததும் மடுவத்தில் லெப்டொப்பை வைத்துத் தொடங்கினேன். அஜந்தன் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே போனார், வந்தார். "கொஞ்சம் சுருக்கா முடிக்க ஏலாதா?" "ஏலாது சேர்." எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பெண்கள் மத்தியான நிறுவைக்கு வந்து வரிசையில் நின்றபோது பில்ட் முடிந்தது. தராசுக்குள் இருந்ததோடு ஒப்பிட்டேன். இரண்டும் வேறு வேறு.

"அவ லெப்டொப்புல எதையாவது மாத்தியிருப்பா," என்றார் அஜந்தன்.

"சரி சேர். உங்க லெப்டொப்புல செய்வோம். முதல்ல இருந்து."

"இன்னும் அரை நாளா?" என்றவர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு கிலோவ நான்தான் போடச் சொன்னேன். அப்பத்தான் தோட்டங்கள்ல வாங்குறாங்க. ஒனக்கு வேலைய திரும்பத் தாறேன். இத நிப்பாட்டு."

இந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் ஒருத்தி காதோடு அது போய்விடக் கூடாது.

"எங்கம்மாகிட்ட சொல்லுங்க சேர். சொல்லாட்டி முதல்ல இருந்து பில்ட் போடுறேன்."

வரிசைக் கடைசியில் தனியாக நின்ற அம்மாவை அவர் பார்த்தார். எழுந்து, தரையைப் பார்த்தபடி அதையே சொன்னார்.

"எனக்குக் கேக்கல," என்றாள் அம்மா.

அவளுக்குக் கேட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் மறுபடியும் சொன்னார், இந்த முறை சத்தமாக. சொல்லிவிட்டுப் பையை எடுத்தவரின் லெப்டொப்பை என் பக்கம் இழுத்து, டிஸ்க்கைச் செருகிப் பில்டைத் தொடங்கினேன்.

"அதான் சொல்லிட்டேனே," என்றார்.

"ஆமா சேர். முடியிற வரைக்கும் உக்காருங்க."