ஜாமூனைப் பழக்கியது

ருத்ரேஷ் அந்த நாய்க்குட்டியை ஒரு சட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்தி, பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து லக்கெரெயில் இருக்கும் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸின் மேனேஜர் வீட்டு நாய் போட்ட குட்டி அது. மேனேஜர் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. மாடியேறி வந்து கூடத்தின் நடுவில் பெட்டியைச் சாய்த்தான். பழுப்பு நிறத்தில் ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது.

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இஞ்சரா கையிலிருந்த, அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டாள். "அம்மா, ஜாமூன்! ஜாமூன் மாதிரியே இருக்கும்மா!"

பெயர் அதுவாகவே நிலைத்துவிட்டது. ஜாமூன் ரொட்டியைத் தின்றது. இஞ்சராவின் கால்விரலை நக்கியது. இரண்டு சுற்று சுற்றிவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் குந்தி மூத்திரம் பெய்தது.

அவன் மனைவி நேத்ராவதி துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினாள்.

"இரு. துடைக்காத" என்றான் ருத்ரேஷ்.

அவன் கத்துகிற ஆள் இல்லை. குட்டியின் பிடரியைப் பிடித்து இழுத்து, மூக்கை ஈரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தான். பிறகு மகளின் இரும்பு ஸ்கேலை எடுத்துப் பின்பக்கத்தில் ஓங்கி அடித்தான். குட்டி கத்திய கத்தலுக்குக் கீழ்வீட்டில் கதவு திறந்தது.

"ரீ, இன்னைக்குத்தானே வந்திருக்கு. தாய விட்டுட்டு வந்த குட்டி" என்றாள் நேத்ராவதி. கட்டிய நாளிலிருந்து அவள் அவனை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொன்னதில்லை.

"மொத நாள் விட்டா அப்புறம் எப்பவும் வராது. எத்தன பொம்பளைங்கள பழக்கியிருக்கேன், இது ஒரு நாய்."

அவன் சொன்னது உண்மைதான். தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் அந்தத் தளத்துக்கு அவன்தான் சூப்பர்வைசர். ஒரு வரிசைக்கு ஒரு மரச்சீட்டு. சீட்டு கையில் இருப்பவள்தான் கக்கூஸுக்குப் போகலாம். அவள் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள். சீக்கிரம் வராதவளின் பெயரை மைக்கில் கூப்பிடுவான், மரியாதையாகவே கூப்பிடுவான். கல்யாணத்துக்கு முன் நேத்ராவதியும் அவன் வரிசையில் காலர் தைத்தவள்தான். மதியச் சாப்பாடு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவள். இன்றைக்கும் வெளியூர் கிளம்பினால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடுவாள்.

பால்கனியில் பேப்பர் விரித்தார்கள். குட்டி அங்கேதான் போக வேண்டும். இரவில் கிரில் கம்பியில் கட்டு. வீட்டுக்குள் எங்காவது ஈரம் தெரிந்தால் மூக்கு, அப்புறம் ஸ்கேல். ஜாமூன் சீக்கிரமே கற்றுக்கொண்டது. ஆனால் முதலில் கற்றுக்கொண்டது பேப்பரை அல்ல, ஒளிந்துகொள்வதை. கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், தையல் மெஷின் பெடலுக்குக் கீழே என்று இடம் தேடியது. ஒருநாள் அது தான் வெளிக்கு இருந்ததைத் தானே அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருப்பதை நேத்ராவதி பார்த்தாள். அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதை அவள் ருத்ரேஷிடம் சொல்லவில்லை.

"பாத்தியா, வீடு சுத்தமாயிடுச்சு" என்றான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி செருப்பு ஸ்டாண்டில் மூத்திரம் பெய்துவிட்டது. அவன் மகளைக் கூப்பிட்டு ஸ்கேலை அவள் கையில் கொடுத்தான்.

"நீ அடி மகளே. உன் பேச்சையும் கேக்கணும்ல?"

"எனக்கு வேணாம்ப்பா."

"அடி வேணாமா, நாய் வேணாமா? எது வேணாம்னு சொல்லு."

இஞ்சரா ஸ்கேலைத் தூக்கி மெதுவாகத் தொட்டாள்.

"இது அடியா? தடவிக் குடுக்கற. அதுக்கு ஒறைக்க வேணாமா?"

இரண்டாவது முறை சத்தம் கேட்டது. குட்டி வீறிட்டுக் கத்திவிட்டு, உடனே தவழ்ந்து வந்து அவள் கையை நக்கியது. ருத்ரேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப நீதான் அதுக்கு மேஸ்திரி" என்று மகளின் முதுகில் தட்டினான். அன்று இரவு இஞ்சரா சாப்பிடவில்லை. வயிறு வலிக்கிறது என்றாள்.

மறுநாள் காலை அவளுடைய படுக்கை நனைந்திருந்தது.

மூன்று வயதுக்குப் பிறகு அவள் ஒரு நாளும் படுக்கையை நனைத்ததில்லை. கூடத்தில் விரித்த மெத்தையின் மேல் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாவாடையை இழுத்து ஈரத்தை மறைக்கப் பார்த்தாள். உள்ளே குளியலறையில் ருத்ரேஷ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் ஓசை நின்றது. தாழ்ப்பாள் அசைந்தது.

நேத்ராவதி பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் யோசனை எதுவும் வரவில்லை. பால்கனிக் கதவைத் திறந்தாள், கயிற்றை அவிழ்த்தாள், குட்டியைத் தூக்கி வந்து மெத்தையின் நடுவில் போட்டாள். மகளை இழுத்து நிறுத்தித் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ருத்ரேஷ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். வீட்டுக்குள்ளே, அதுவும் மெத்தை மேலே, தன்னை விட்டிருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் ஜாமூன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாரு இதை உள்ள விட்டது?"

"கயிறு அவுந்திடுச்சு போலருக்கு" என்றாள் நேத்ராவதி. "குழந்தையோட துணியெல்லாம் நனைச்சிடுச்சு பாருங்க."

அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் அடித்தான். குட்டி எங்கும் ஓடவில்லை. மெத்தையிலேயே தட்டையாகப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் நிஜமாகவே அதற்கு மூத்திரம் போனது.

அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு மகளைக் குளிப்பாட்டினாள். தலையில் தண்ணீர் விழும்போது இஞ்சரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, ஜாமூன்தானே பண்ணுச்சு?"

"ஆமா" என்றாள் நேத்ராவதி.

"நான் இல்லதானே?"

"நீ இல்ல. சோப்பு கண்ணுல படும், பேசாத."

அந்த வாரத்திலேயே மறுபடியும் நடந்தது. அதற்கடுத்த முறை நேத்ராவதி அடுக்களையில் ரவையைக் கொட்டி உப்பிட்டு கிளறிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். இஞ்சரா குட்டியின் பிடரியைப் பிடித்துத் தரையோடு இழுத்து வந்துகொண்டிருந்தாள். அதன் பின்னங்கால்கள் தரையில் உராய்ந்தன. மெத்தையில் அதைக் கிடத்தி, தப்பிப் போகாதபடி ஒரு கையால் அழுத்திக்கொண்டு, குரல் கொடுத்தாள்:

"அப்பா! வந்து பாருங்க! மறுபடியும் பண்ணிடுச்சு!"

நேத்ராவதி கரண்டியோடு நின்றாள். மகள் அவளைப் பார்த்தாள். பின்னால் உப்பிட்டு அடிப்பிடித்தது.

"யாரு உள்ள விட்டது?" என்று அவன் கேட்டபோது இஞ்சராவே பதில் வைத்திருந்தாள். "அழுதுச்சுப்பா. பாவம்னு நான்தான் விட்டேன்."

"விட்டது உன் தப்பு. போனது அது தப்பு" என்றான் ருத்ரேஷ். நியாயம் பேசுவதில் அவனுக்குப் பிரியம் உண்டு. அன்றிலிருந்து குட்டிக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதை நிறுத்தினான். "உள்ள போனாத்தானே வெளிய வரும்." அப்போது மார்ச். பால்கனியில் மதியம் முழுக்க வெயில். அவன் போன பிறகு நேத்ராவதி துணியை நனைத்து அதன் வாயில் பிழிவாள். கிண்ணம் வைக்கப் பயம். சாயங்காலம் வந்ததும் தரையைத் தொட்டுப் பார்ப்பவன் அவன். ஜாமூனின் மூக்கு காய்ந்து வெடித்தது. இப்போதெல்லாம் ருத்ரேஷின் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே அது படுத்து, நின்ற இடத்தை நனைத்தது. இஞ்சரா பள்ளியிலிருந்து வந்தாலும் அப்படித்தான்.

படுக்கை நனைவது மட்டும் நிற்கவில்லை.

"சில டெய்லருங்களும் இப்படித்தான்" என்றான் அவன் கடைசியில். "எத்தன சொன்னாலும் ஏறாது. வெளிய அனுப்பிட வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அதே போன்றதொரு சட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனான். நெலமங்கலா சுங்கச்சாவடி தாண்டி, லாரிகள் நிற்கும் ஒரு டாபா பக்கத்தில் விட்டதாகத் திரும்பி வந்து சொன்னான். "மிச்சம் மீதி கெடைக்கும், பொழைச்சுக்கும்" என்றான். இஞ்சரா அன்று முழுவதும் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டாள். நேத்ராவதி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது பல்லை இறுக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை படுக்கை நனைந்திருந்தது.

வீட்டில் நாய் இல்லை. நேத்ராவதி ஓடி வருவதற்குள் ருத்ரேஷ் மெத்தையருகே நின்றிருந்தான். நிதானமாகத்தான் இருந்தான். குனிந்து மகளின் பின்கழுத்தில் கை வைத்தான். அவள் எதிர்க்கவில்லை. என்ன வரும் என்று தெரிந்தவள் மாதிரி தானாகவே முட்டி போட்டாள். அவன் அவள் முகத்தை ஈரத்தில் வைத்து அழுத்தினான்.

நேத்ராவதி அவன் மேல் விழுந்து கையைப் பிடுங்கினாள். வளையல் உடைந்து அவன் மணிக்கட்டில் கீறியது.

"விடுங்க! படுக்கைல நாய் ஒருநாளும் தானா போகல! இவதான் போனா, எல்லா நாளும் இவதான். நான்தான் நாயைத் தூக்கியாந்து போட்டேன், உங்களுக்குப் பயந்து!"

ருத்ரேஷ் கையை எடுத்தான். கீறலைப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது வேறு.

"அப்படின்னா அது பழகிடுச்சு" என்றான். "நான் சொன்னேன்ல? பேப்பர்லதான் போயிருக்கு. நல்லாப் பழகின நாயைக் கொண்டுபோய் விட வெச்சுட்டியே, முட்டாள்." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே சேர்த்தான்: "சாயங்காலம் வந்து இவளைப் பாத்துக்கறேன். இவளுக்கும் அந்த மாதிரி கொஞ்ச நாள் போதும்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் நேத்ராவதி ஒரு பையில் மகளின் துணிகளைத் திணித்தாள். துமகூருவில் அவள் அக்கா சௌபாக்யா இருந்தாள். போன் செய்யக்கூட நிற்கவில்லை.

துமகூரு பஸ் நெலமங்கலா வழியாகத்தான் போகும். சுங்கச்சாவடி தாண்டியதும் கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கினாள். டாபாவில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள்.

"பழுப்புக் குட்டியா? நேத்து பூரா இங்கதாம்மா கெடந்துச்சு. ரொட்டி போடக் கையத் தூக்கினா மூத்திரம் போயிடும், அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி." அவன் கத்தியால் லாரிகள் நிற்கும் பக்கம் காட்டினான். "விடிகாலைல ஒரு லாரி பின்னால வந்துச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சான், நான் கத்தினேன். மத்த நாயெல்லாம் ஓடுச்சு. இது ஓடல. தரையோட தரையா படுத்துக்கிச்சு. அப்படியும் ஒரு நாய் இருக்குமா?"

"எங்க வீட்லயும் அப்படித்தான் படுக்கும்" என்றாள் இஞ்சரா அவனிடம்.

எங்கே போட்டார்கள் என்று நேத்ராவதி கேட்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை மகளின் கையைப் பிடித்தபடி சாலையோரத்தில் நின்றாள்.

அக்கா எதையும் துருவவில்லை. தங்கையின் கையில் வளையல் குறைந்திருப்பதைப் பார்த்தாள், சோறு போட்டாள், முன்னறையில் பாய் விரித்தாள். அக்காவின் கடைசிப் பையன் தேஜு, பால் மணம் மாறாதவன், இஞ்சராவின் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்துப் படுத்தான். ருத்ரேஷின் போன் வந்துகொண்டே இருந்தது. நேத்ராவதி அதை அணைத்து வைத்தாள்.

காலையில் பாய் ஈரமாக இருந்தது. இஞ்சரா எழுந்து உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் வாய் பிளந்து தூங்கும் தேஜுவைப் பார்த்தாள். அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஈரத்தின் மேலே இழுத்தாள். அவன் விழித்துக்கொண்டு மலங்க மலங்கப் பார்த்தான்.

"பெரியம்மா! தேஜு பண்ணிட்டான்!"

அக்கா உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "போனா போறான், வேற பாயா இல்ல? எந்திரிங்க ரெண்டு பேரும்."

இதோடு முடிந்துவிடும். யாரும் அடிக்கப்போவதில்லை. நேத்ராவதியின் வாய்வரைக்கும் அந்தப் பழைய 'ஆமா' வந்துவிட்டது. அவள் மகளின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"தேஜு இல்ல. நீதான் போன."

"நான் இல்ல."

"நீதான். பரவால்ல. வீட்லயும் நீதான். ஜாமூன் ஒருநாளும் தானா உன் படுக்கைல போகல. மொதல்ல நான் தூக்கிப் போட்டேன். அப்புறம் நீ போட்ட."

இஞ்சரா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதானே ஆமான்னு சொன்ன?" என்றாள் சின்னக் குரலில். பிறகு இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு அம்மாவை அடிக்க ஆரம்பித்தாள். மார்பில், தோளில், வாயில். தடவிக் கொடுக்கும் அடி அல்ல. நேத்ராவதி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. அக்கா பயந்துபோய்த் தேஜுவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அடித்து ஓய்ந்த பிறகுதான் குழந்தைக்கு அழுகை வந்தது. "ஜாமூன்... ஜாமூன்..." என்று தெருவரை கேட்கும்படி அழுதாள்.

நேத்ராவதி அணைக்கப் போனபோது தள்ளிவிட்டாள். அன்று பகல் முழுவதும் அவள் அம்மா பக்கமே வரவில்லை. இரவில் தலையணையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரியம்மாவின் அருகில் படுத்துக்கொண்டாள்.