ஒன்றரை நட்சத்திர வீடு

பதினெட்டு மாடிக்கும் சேர்த்து இரண்டே லிஃப்ட். ஒன்றில் கண்ணாடி, மின்விசிறி, மெல்லிய இசை, அது குடியிருப்பவர்களுக்கு. மற்றதில் நாலு பக்கமும் தகரம். அது குப்பைப் பைக்கும், சிமெண்ட் மூட்டைக்கும், வீட்டு வேலைக்கு வரும் நாற்பது பெண்களுக்கும்.

தகர லிஃப்டுக்கு ஒரு குணம் உண்டு. எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது. எட்டாவது மாடி தாண்டும்வரை நடுவில் நெருங்கி நிற்க வேண்டும். யாராவது ஓரமாகச் சாய்ந்தால் போதும், கோபித்துக்கொண்டு நின்றுவிடும். இருபது நிமிடம் கழித்து அதுவாகவே மனசு மாறிக் கிளம்பும். பெண்களுக்கு இது மனப்பாடம்.

சமையல்காரி புயலுக்கும் மனப்பாடம்தான். மூன்று வீட்டுச் சமையலைப் பத்து மணிக்குள் முடிப்பதால் காவலாளி வைத்த பெயர் அது. கைக்கு மட்டுமில்லை, வாய்க்கும் பொருந்திய பெயர்.

ஆறு மாதமாக ஒரு புது ஏற்பாடு. வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர்கள் தினமும் செல்போனில் நட்சத்திரம் போட வேண்டும். தாமதமானால் அன்றைய நட்சத்திரத்தில் அரையை அதுவே பிடுங்கிக்கொள்ளும். சராசரி மூன்றுக்குக் கீழே போனால் வாசலில் குறுக்கே நிற்கும் தடுப்புக் கம்பி உயராது. மூன்று வீட்டு வேலையும் போச்சு. புயல் மூன்று புள்ளி ஒன்றில் நின்றாள். ஆறரைக்கு வாசலுக்கு வந்தும், லிஃப்டுக்கு வரிசையில் நின்று பதினாறாவது மாடி சேர ஏழாகிவிடுகிறது. லிஃப்ட் செய்த குற்றத்துக்கு இவளுக்குத் தண்டனை.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"காலையில ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடி லிஃப்டுலயும் எங்களை விடுங்க சார்."

"ரூல்னா ரூல்மா. நேரத்தோட கிளம்பி வா."

"எங்களுக்கு நீங்க நட்சத்திரம் போடுறீங்க. உங்களுக்கு யாரு சார் போடுறது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்களுக்கு எதுக்கு? நாங்க என்ன வேலைக்கா வந்திருக்கோம்?"

அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது.

மறுநாள் தகர லிஃப்டில் புதிதாக வந்த ஒருத்தி, பாவம், தோள்பையை மாற்றிப் போட ஓரமாக நகர்ந்தாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் டக்கென்று நின்றது.

"போச்சு, இன்னிக்கும் அரை நட்சத்திரம் போச்சு" என்று புயலின் நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். அவள் இதே கட்டடத்தில் மாடிப்படி கூட்டுகிறவள்.

"அழாதே. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன?" என்று புயல் இடுப்புப் பையிலிருந்து கறுப்பு மை பேனாவை எடுத்தாள். ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பாக்களில் தேதி எழுத வைத்திருந்தது. ஈரத்துக்கும் அசையாத மை. தகரச் சுவரில் எழுதினாள்: '1601, இரண்டு நட்சத்திரம். சர்க்கரை டப்பாவில் கோடு போட்டு வைக்கிற வீடு.'

உடனே மற்ற ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"804க்கு ஒண்ணு போடுக்கா. குடிக்கத் தண்ணி கேட்டா பாத்ரூம் குவளையில தர்றாங்க."

"1203க்கு அஞ்சு. காய்ச்சல்னா அவங்களே போன் பண்ணி விசாரிப்பாங்க."

"902க்குப் பூஜ்யம் போடு!"

"ஏண்டி, போன மாசம் உன் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டது யாரு? பொய் எழுதுனா அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மூணு" என்றாள் புயல்.

கடைசியாகச் செயலாளர் வீடு. அங்கே பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் மெதுவாகச் சொன்னாள். புயல் அதைச் சொன்னபடியே எழுதினாள்: '1802, ஒன்றரை. குழந்தையை நம் கையில் கொடுப்பார்கள். நம்மோடு ஒரே லிஃப்டில் ஏறமாட்டார்கள்.'

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. செயலாளர் அழிக்கச் சொன்னார். நாத்தனார் ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துத் தகரத்தைப் பளபளப்பாக்கினாள். எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"யாரு எழுதினது? சொல்லலைன்னா எல்லாருக்கும் வாசல் பாஸ் கட்."

"நான்தான் சார்" என்றாள் புயல். வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். அவர் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், அவளுடைய நட்சத்திரம் எல்லாம் ஒரே தட்டில் உதிர்ந்தது.

மறுநாள் காலை வாசலில் அவளுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. நாத்தனார் போகாமல் நின்றாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். புயலுக்குக் கண் கலங்கியது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

அந்த நேரம் காவலாளியின் மேஜையில் இருந்த போன் அலறியது. தகர லிஃப்டிலிருந்து. வேலைக்காரர்கள் வருவதற்குள் தங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று குடியிருப்பவர்கள் பதினொரு பேர் அதில் ஏறியிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல்முறை. நடுவில் நிற்கணும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? படிக்கிற ஆசையில் எல்லாரும் ஒரே சுவரில் சாய, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. செயலாளரும் உள்ளே.

காவலாளிக்குக் கை கால் ஓடவில்லை. போனைப் புயலிடம் நீட்டினார்.

"எல்லாரும் நடுவுல சேர்ந்து நில்லுங்க சார், தோளோட தோளா. இருபது நிமிஷத்துல தானா கிளம்பும்."

"இருபது நிமிஷமா? எனக்கு ஆபீஸ் இருக்கு!" செயலாளரின் குரல்.

"எங்களுக்கும் இருந்துச்சு சார். பொழுது போகலைன்னா சுவத்தைப் படிங்க."

போனை வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள். கம்பிக்கு அடியில் குனிந்து போயிருக்கலாம். குனியவில்லை. இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். நாற்பது பேரும் நிமிர்ந்து உள்ளே வந்தார்கள். காவலாளி வேலியோரச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சரியாக இருபதாவது நிமிடம் தகர லிஃப்ட் கீழே வந்தது. செயலாளர் சட்டை நனைந்து வெளியே வந்தார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் நழுவினார்கள்.

"அந்த ஒன்றரையை அழிச்சிடு. உன் பாஸைத் திருப்பித் தர்றேன்" என்றார் தணிந்த குரலில்.

"எழுதினதை அழிக்க முடியாது சார். ஏத்திக்கலாம். அது உங்க கையில."

புயல் கண்ணாடி லிஃப்டில் ஏறினாள். பின்னாலேயே நாத்தனாரும் இன்னும் நாலு பேரும். பதினாறை அழுத்தினாள், பிறகு பதினெட்டையும் அழுத்தினாள். மூடப்போன கதவைக் காலால் தடுத்து நிறுத்தினாள்.

"வாங்க சார்" என்றாள். "இடம் இருக்கு."