நெடுவாளன் சாக மாட்டான்

பறக்கும் முதலை வாயைப் பிளப்பதை ஒற்றைக் கையால் காட்ட முடியாது. அதனால் கோபால்சாமி இரண்டு கையாலும் காட்டினான். அப்போது ஜீப்பின் ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தார்கள் என்று கேட்டால், யாருமில்லை. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் வளைவில், வண்டியும் கதையில் சொக்கிப்போனதுபோல் மெதுவாகப் பள்ளத்தில் சாய்ந்தது.

பள்ளம் இடுப்பளவுதான். எல்லாரும் திட்டிக்கொண்டே எழுந்தார்கள், மங்கம்மாளைத் தவிர. அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. புளி உடைக்கும் மாசம், வீடு நிறையப் புளி, அவளோ தனியாள்.

அந்த மலையில் பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. ஜீப்தான் கதி. கோபால்சாமியின் ஜீப்பில் ஏறினால் கதை இலவசம். இப்போது ஓடிக்கொண்டிருந்தது மேகக்கோட்டைக் கதை. பனி அரக்கர்களுக்குப் பயந்து கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போன காவல்காரன் நெடுவாளன். அவனால் பாதி ஊர் அழிந்தது. அவன் இப்போது பறக்கும் முதலையில் ஏறித் திரும்பி வருகிறான். அவனை உள்ளே விடலாமா, கூடாதா? அந்த இடத்தில்தான் ஜீப் சாய்ந்தது.

பட்டறையிலிருந்து வண்டி வந்த முதல் நாளே, மளிகைக்கடை தங்கவேல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"இன்னாய்யா, அந்தத் துரோகியை இன்னிக்காவது சாவடிப்பியா?"

"சாவ மாட்டான்ங்க."

"கதவைத் தொறந்துவுட்டவனைச் சும்மா வுடுவியா? ஓகோ, ஜீப்பைக் கவுத்தவன் கோட்டையைக் கவுத்தவனுக்கு சப்போர்ட்டா?"

ஜீப்பே குலுங்கச் சிரித்தது. கோபால்சாமியும் சிரித்தான். தன்னைப் பற்றிய கேலி என்றால் முதல் ஆளாகச் சிரித்துவிடுவது அவன் வழக்கம். அப்புறம் யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தத் தடவை சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மாயாஜாலக் கதைப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளும் காலேஜ் பெண் ஷோபனா பின் சீட்டிலிருந்து சமாதானம் பேசினாள்.

"அண்ணா, கடைசிச் சண்டையில யாரையாவது காப்பாத்திட்டு அவன் செத்துடட்டும். இந்த மாதிரிக் கதையில அப்படித்தான் முடிப்பாங்க. செத்துட்டா எல்லாரும் மன்னிச்சிடுவாங்க."

"உசுரோட இருந்தா?"

"அது கஷ்டம்ண்ணா."

"அப்போ கஷ்டப்படட்டும். அவனும் படட்டும், ஊரும் படட்டும். என் கதையில அவன் சாவ மாட்டான்."

"அப்படின்னா நாளையிலேர்ந்து நாங்க வேற ஜீப்புல போய்க்கிறோம்" என்றார் தங்கவேல்.

"தாராளமா போங்க. அங்க பாட்டுப் போடுவாங்க. அதே ஒரே பாட்டு."

வீறாப்பு பிரமாதமாகத்தான் இருந்தது. மறுநாள் ஜீப்பில் அவனும் ஸ்டெப்னியும் மட்டும் போனார்கள். வழியில் ஸ்டெப்னிக்குக் கதை சொன்னான். அது எதிர்த்துப் பேசவில்லை.

சாயங்காலங்களில் மட்டும் அவன் தனியாக இல்லை. மங்கம்மாளின் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தான். முதல் நாள் போய் நின்றபோது, வா என்றும் அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. புளி தட்டும் கட்டை ஒன்றைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் உடைத்த புளியில் ஓடு இருந்தது, நார் இருந்தது, கொட்டை இருந்தது. தேடினால் கொஞ்சம் புளியும் இருந்தது.

"மங்கம்மாக்கா, என்மேல கோவமா?" என்று கேட்டால், "நாரு நிக்குது பாரு" என்பாள். "மன்னிச்சிட்டியாக்கா?" என்றால், "அந்தக் கூடையை இப்படித் தள்ளு" என்பாள். உடைந்த கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, இடது கையால் அவன் உடைத்ததையெல்லாம் மறுபடி பொறுக்குவாள்.

இன்றைக்கு அவளே கேட்டாள். "உன் ஜீப்பு காலியா போவுதாமே?"

"நெடுவாளனைச் சாவடிக்கச் சொல்றாங்க. மாட்டேன்னுட்டேன்."

"அவன் இப்போ எங்க கீறான்?"

"கோட்டை வாசலாண்ட. இடிஞ்ச மதிலை நானே கட்டித் தர்றேன்னு நிக்கிறான். ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க." கோபால்சாமி கட்டையைக் கீழே வைத்தான். "அக்கா, நாரைக் காட்டாதே, கூடையைக் காட்டாதே. நேராச் சொல்லு. என்னை மன்னிச்சியா, இல்லியா?"

மங்கம்மாள் கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல. பொரண்டு படுத்தாக் கை வலிக்குது, வலிச்சா உன் மூஞ்சிதான் முன்னாடி வருது. என்னிக்காவது மன்னிப்பேனா, எனக்கே தெரியாது. ஆனா அவனைச் சாவடிச்சே, உன்னைச் சும்மா வுட மாட்டேன். செத்துட்டா அவனுக்கு சுளுவு. மதிலை எவன் கட்டுவான்? இருந்து கட்டட்டும். நாளைக்குக் கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குப் போவணும். உன் ஜீப்புலதான் வருவேன், முன் சீட்டுல. கதை சொல்லு, வாணாங்கல. ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கணும். முதலை வாயை நான் ஒத்தக் கையால காட்டிக்கிறேன்."