பதிலாள் பட்டியல்

…ஒன்பது படிகளும் சரியாகத்தான் இருந்தன, டீசல் பார், வால்வைத் திற, சாவியைத் திருப்பு, எல்லாம் கவியரசன் அண்ணன் சொல்லச் சொல்ல நானே எழுதியவை, ஆனால் இன்று காலை கறம்பக்குடியில் கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஒரு முனகல் முனகிப் படுத்துக்கொண்டது, தொட்டியில் நாலாயிரம் லிட்டர் பால், சூடு நாலு டிகிரியிலிருந்து ஏறுகிறது, பால் குளிரூட்டும் நிலையத்தில் என்னைத் தவிர ஒருவருமில்லை. போன் போட்டால் பின்னால் சாவுக்கொட்டு, அண்ணன் கத்துகிறார், "பிரகதா, பேட்டரி முனையில ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டு!" இதை ஏன் அண்ணே அன்னைக்கே சொல்லலை என்றால், "இதையெல்லாமா எழுதுவாங்க?" எழுதுவார்கள் அண்ணே… தட்டியதும் ஓடியது, அதுதான் பத்தாவது படி, இப்போதுதான் சேர்த்தேன், கையில் இன்னும் டீசல் வாடை.

இன்னும் இருபது நிமிடத்தில் பிளெஸ்ஸி மிஸ் தாள்களை வாங்கிவிடுவார், மாலை வகுப்பின் கடைசித் தாள், என்ன நடந்தாலும் அவரவர் வேலை பார்க்கும் இடம் நிற்காமலிருக்க ஒரு திட்டம், நான் புயலைப் போட்டேன், வெள்ளம், தீ, மாட்டு நோய், ஒரு சாவைப் போடவில்லை. குன்றாண்டார்கோவிலில் முதலாளியின் பெரியப்பா போய்விட்டார், நிலையத்து ஆட்கள் எல்லாரும் ஒரே வேனில் கிளம்பிவிட்டார்கள், ஜெனரேட்டருக்குக் கவியரசன், அவருக்குப் பதிலாள் ஆண்டிச்சாமி, டேங்கருக்கு அய்யப்பன், அவருக்குப் பதிலாளும் ஆண்டிச்சாமி, எல்லாரும் பங்காளிகள்… ஒரே வீட்டு ஆட்களை ஒருவருக்கொருவர் பதிலாளாகப் போட்டுவிட்டு மூன்று நிறத்தில் கோடும் போட்டிருக்கிறேன், எனக்கு இந்தப் படிப்பு தேவைதானா? வேலைக்குக் கூப்பிட்ட கோயம்புத்தூர் கம்பெனிக்கு நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும், வருகிறேன், அல்லது வரவில்லை, முதலாளியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, திட்டத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினால் குற்றமாக இருக்காது என்றுதானே மூன்று மாதமாக எழுதினேன்?

பங்காளி அல்லாத ஆள் வேண்டும், யார் இருக்கிறார்கள், ஆண்டிச்சாமி பெயரை அடித்தேன், பிரகதீஸ்வரி என்று எழுதினேன், அடுத்ததிலும் அடித்தேன், பிரகதீஸ்வரி, இப்படியே போனால் பால் ஊற்றுவதும் நான்தான். ஆனால்… போன ஆவணியில் முதலாளி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையை அச்சுக்குப் போகுமுன் திருத்தியவள் நான், பங்காளிகள் என்று போட்டு அதன்கீழ் கவியரசன், ஆண்டிச்சாமி, அய்யப்பன், ஒரு புள்ளி விடாமல் பார்த்தேன், பந்தியில் அவர்களே எனக்குப் பரிமாறினார்கள். மறந்துவிட்டேனா? நான் எதை மறந்திருக்கிறேன்? மத்தியானம் முதலாளி சாவு வீட்டிலிருந்தே கூப்பிட்டார், "பால் கெடலேல்ல? அதான் நீ இருக்கேல்ல ஆத்தா, அப்புறம் எதுக்கு அந்தத் திட்டமெல்லாம்," என்று சிரித்தார், எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கேட்காமலே இலையில் இன்னொரு வடை விழுந்த மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதா பிரகதா?" மிஸ் பக்கத்தில் நிற்கிறார். இன்னும் ஒரு வரி மிஸ் என்கிறேன், எந்த வரி என்று எனக்கே தெரியவில்லை, அந்தப் பங்காளிகளின் பெயர்களைத் தெரிந்தேதான் எழுதினேனோ…