பார்டருக்குப் போன பொட்டலங்கள்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு சொல்லிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கறுப்பு மார்க்கரில், அட்டைப்பெட்டியின் மேல், நான்கே எழுத்து: பார்டர்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் சர்ச் பங்கு இளைஞர்கள் நாங்கள் டிசம்பரில் இரண்டு வேலை செய்வோம். சாலையோரம் தூங்குகிறவர்களுக்குப் போர்வை கொடுப்போம். எங்கள் ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போன ஆறு பேருக்கு கம்பளி சாக்ஸ், கேக், முறுக்கு வைத்துப் பொட்டலம் அனுப்புவோம். நான் பகலில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ் வேலை பார்த்து, மாலையில் வகுப்புக்குப் போகிறவன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெட்டிகளின் மேல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. போர்வைப் பெட்டிகளில் 'ரோடு' என்று எழுதினேன். ராணுவப் பெட்டியில் 'பார்டர்'. சுருக்கமாக எழுதியதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டும் எல்லையில் ஒரு வீரன்—"

நான் பனியைப் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

பிறகு: "அன்புக்கு முகவரி தேவையில்லை."

தேவை. பெட்டியின் மேல் முகவரி எழுதாததால்தான் இவ்வளவும். அதையும் அடித்துவிட்டு மெர்சியிடம் வந்தேன்.

2

மெர்சிக்கு முப்பத்தொரு வயது. காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் தரம் பார்க்கிறாள். (நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதையிலும் அக்கா என்று எழுதினால் அவள் பக்கம் சாய்ந்துவிடுவேன் என்று பெயரை மட்டும் எழுதுகிறேன். பயனில்லை, சாய்ந்துதான் இருக்கிறேன்.)

அவள் தம்பி ஜெரால்ட் ராணுவத்தில், வடக்கே மலைமேல் இருக்கிறான். ஜனவரியில் அவர்கள் அப்பா இறந்தார். வந்துகொண்டிருக்கிறேன், எடுத்துவிடாதே என்று ஜெரால்ட் போனில் சொன்னான். பனியில் பாதை அடைபட்டது. மெர்சி ஒரு நாள் காத்திருந்தாள். மறுநாள் அடக்கம் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் அவன் வந்தான். நேராகக் கல்லறைக்குப் போனான், வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் அங்கிருந்தே திரும்பிவிட்டான். அதன் பிறகு அவள் எண்ணைத் தடுத்துவைத்தான். அவள் தபாலில் போட்ட உறை பிரிக்காமலே திரும்பி வந்தது.

அதனால் இந்த டிசம்பரில் ஜெரால்ட் பெயர் எழுதிய பொட்டலத்தில், யாருக்கும் சொல்லாமல், ஒரு சாக்ஸுக்குள் கடிதத்தை மடித்து வைத்தாள். காலை விடும்போதாவது தட்டுப்படும் இல்லையா?

சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று அவள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இந்த வரிகளை மட்டும் வெளியே சொல்ல எனக்கு அனுமதி தந்திருக்கிறாள்:

"தம்பி, இன்னொரு நாள் வைத்திருக்கலாம். அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. வேறு காரணம் இல்லை."

3

பெட்டிகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப்போனவர் ஸ்டீபன் அண்ணன். போர்வைகளை ரயிலடியில் கொடுத்துவிட்டு, மற்றப் பெட்டியைத் தபால் நிலையத்தில் சேர்த்திருக்க வேண்டும். மறுநாள் காலை மெர்சி அவரிடம் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணா, மிலிட்டிரி பார்சல் ரசீது எங்க?"

"இன்னா ரசீது? பார்டர்ல குடுத்துட்டு வந்துட்டேன்."

"எந்த பார்டர்ல?"

"நமக்கு எத்தினி பார்டர்மா கீது? எளாவூர் செக்போஸ்ட்டுதான். அங்க ஷெட்டாண்ட படுத்துக்கினு இருக்காங்களே, அவங்களுக்கு. ஆறு பேரு, ஆறு பொட்டலம். கரெக்ட்டா இருந்துச்சி."

"மேல பேர் எழுதியிருந்துச்சேண்ணா!"

"குடுத்தவங்க பேருன்னு நெனச்சேன். டியூப் லைட்டு வாங்கிக் குடுத்தாகூட உபயம்னு பேரு எழுதறாங்களே நம்மாளுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "தோ, இந்த எட்வர்ட்டு எழுதனதுதான். எழுத்து மட்டும் முத்து முத்தா கீது."

(அவரைக் குறை சொல்ல முடியாது. கொல்கத்தா சாலையில் ஆந்திரா தொடங்கும் இடம் எளாவூர். இங்கே யாராவது பார்டர் என்றால், வேறு நாட்டை யாரும் நினைப்பதில்லை.)

பொட்டலங்களைத் திரும்பவும் கட்டிவிடலாம் என்று முடிவானது. அன்று மூன்று மணித் தபாலில் போனால்தான் கிறிஸ்துமஸுக்குள் சேரும். மெர்சி மட்டும் அசையவில்லை. கடிதத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னாள்.

"இன்னொண்ணு எழுதிடேன்மா," என்றார் ஸ்டீபன்.

"அத எழுதவே பதினோரு மாசம் ஆச்சிண்ணா," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடுங்க."

4

இந்த இடத்தில் ஒரு ஆள் தேவைப்படுகிறார். அவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

முதல் பிரதியில் அவரை முன்னாள் ராணுவ வீரராக்கினேன். கதை அழகாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. அதனாலேயே கழற்றிவிட்டேன். இரண்டாவது பிரதியில் மெர்சியைப் பார்த்ததும் அவர் அழுதார். அவர் அழவில்லை. முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

அருணாச்சலம். ஜெரால்டின் பொட்டலம் போய்ச் சேர்ந்தது இவரிடம்தான். லாரியில் மூட்டை ஏற்றியவர். முதுகு போனதும் வேலை போனது, வாடகை வீடும் போனது. செக்போஸ்ட்டில் மூடிக்கிடந்த கவுன்ட்டர் ஷெட்டின் நிழலில், பகல் வெயிலிலும் கம்பளி சாக்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மெர்சி அவர் எதிரில் குந்தினாள். "அண்ணா, அந்த சாக்ஸுக்குள்ள ஒரு லெட்டர் இருந்துச்சா?"

"இருந்துச்சி." சட்டைப்பையிலிருந்து எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. "டீக்கடைல ரெண்டு தபா படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூணாவது தபா, 'போய்யா, உன்னோட பேஜாரு, பால் பொங்குது'ன்னுட்டான்."

"அது உங்களுக்கு எழுதனது இல்லண்ணா. மாறி வந்துடுச்சி."

"அதுகூடவா தெரியாது? அம்பத்தெட்டு வயசுல என்னப் போயி தம்பின்னு எவ கூப்புடுவா?" சிரித்தார். "எனக்கு அக்காவே கெடையாது."

"அப்ப குடுங்கண்ணா."

"குடுக்கறேன், இது அந்தப் புள்ளைக்குப் போவ வேண்டியது. ஆனா எங்கைக்கு வந்துடுச்சி இல்ல? வந்த கடுதாசிக்கு பதில் போடாம வுட்டா அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், நீ எழுதிக்கினு போய்க் குடு. அந்தப் பொண்ண உனக்குத் தெரியுமா?"

மெர்சி தன் செருப்பைப் பார்த்தாள். "தெரியும்."

"எப்டி கீது?"

"சாப்புடுது. வேலைக்குப் போவுது."

"அவ்ளோதானா?" என்று கேட்டார் அருணாச்சலம்.

அவள் பையிலிருந்து கம்பெனி பர்மிஷன் சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பேனாவைத் திறந்துகொண்டு, சிமென்ட் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

5

நான் ஆட்டோவில் இருந்தேன். இதுவரை காதில் விழுந்தது. இதற்குமேல் வரிசையாக லாரிகள், அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, தம்பிக்கு அவள் எழுதிய கடிதம், புது சாக்ஸுக்குள் போய், மூன்று மணிக்கு முன்பே தபாலில் சேர்ந்தது. ஜெரால்டிடமிருந்து இன்றுவரை எதுவும் வரவில்லை. மற்றக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கதைக்கா?"

"ஆமாக்கா."

"தர மாட்டேன். எனக்கு வந்த லெட்டர்டா அது."

அதனால் நானே எழுதிப் பார்த்தேன்.

'நீ செஞ்சதுல தப்பு இல்ல.' அவர் அன்று அங்கே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

'உன் தம்பி வந்துடுவான்.' ஜெரால்ட் சார்பில் வாக்குக் கொடுக்க அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

'நானா இருந்தா, ஊட்டுக்குள்ள ஒரு தபா வந்து—' இது பாதியில் நிற்கிறது. இதை அடிக்கவும் மனம் வரவில்லை, முடிக்கவும் தெரியவில்லை.

எனக்கு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. உங்களுக்கு யாராவது எழுதியிருக்கலாம். அதை நீங்கள் பிரிக்காமல் திருப்பி அனுப்பியும் இருக்கலாம். அதனால் அந்த ஷெட்டின் நிழலில் அருணாச்சலம் இருந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கடிதம் உங்கள் மடியில் இருக்கிறது. சீட்டின் பின்பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று மட்டும் எழுதிவிட்டு, மெர்சி நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

சொல்லுங்கள். அவசரம் இல்லை. லாரி போகும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள், அவளுக்கு ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது.