ஐந்து காலடி பாக்கி

ஐந்து காலடி. ஜாவித் தன் அண்ணன் சேக் தாவூதுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான்.

பள்ளிவாசல் பின்னறையில் அண்ணனின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் முடிந்து இடக்கையில் நீரூற்றும்போது கட்டைவிரல் நகம் கறுத்திருப்பதைக் கண்டான் ஜாவித். அவனுடைய மரவாள் பட்ட இடம். தேய்த்தான். போகவில்லை.

ஆறு வருடமாக ஞாயிறு காலைகளில், ஃப்ரீமான்ட் ஏரிக்கரைப் பனிக்குள் இருவரும் ஜப்பானிய வாள்முறை பழகினார்கள். ஒருவர் வெட்ட, மற்றவர் தடுப்பார். கட்டையோடு கட்டை மோதும் சத்தம் தண்ணீர்மேல் நடந்துபோகும். முடிந்ததும் இருவரும் சேர்ந்தே வாளைத் தாழ்த்தி, முகம் திருப்பாமல், ஐந்து சின்னக் காலடி பின்னால் போகவேண்டும். ஒருவரால் மட்டும் முடிக்க முடியாது.

போன ஞாயிறு அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"உக்காரு நானா. அரிசி மூட்ட தூக்கவே உனக்கு ஆள் வேணும், இதுல சாமுராய் வேறயா?" என்று அண்ணனைச் சீண்டினான் ஜாவித்.

"வாயாலயே வெட்டுறியே, கையால வெட்டுடா."

வெட்டினான். விரலில் பட்டது. வெட்கமா கோபமா, தெரியவில்லை. "எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்று வாளைப் புல்லில் எறிந்துவிட்டுக் காரை எடுத்தான். புதன்கிழமை மதியம் தன் மளிகைக்கடைப் பின்வாசலில், இறக்கிய மூட்டைமேலேயே சாய்ந்துவிட்டார் அண்ணன்.

கஃபன் துணி போர்த்திய பிறகு முகம் பார்க்க அண்ணன் மனைவி ருக்ஸானா வந்தாள்.

"மச்சி, அந்த விரல்..." என்று அண்ணியிடம் தொடங்கினான் ஜாவித்.

"அத விடுங்க. நீங்க போனப்பறம் வாள எறக்கவே இல்ல மனுசன். கூட்டிட்டுப் போக வந்த நான் கார்ல ஏறுங்கன்னா, 'அவன் இன்னும் பின்னால போகல, நான் எறக்கக் கூடாது'ங்கறார். வாத்தெல்லாம் சுத்தி நின்னு பாக்குது. வாக்கிங் வந்த ஆன்ட்டி, போலீஸுக்கு கால் பண்ணவான்னு கேக்கறாங்க." சிரிக்கப் போனவள் பாதியில் நின்றாள். "கடைசில நான்தான் கையிலேர்ந்து வாங்குனேன்."

கபுர்க் குழிக்குள் இறங்கி அண்ணனை வாங்கிக் கிடத்தியவன் அவன்தான். மேலே ஏறி மூன்று கைப்பிடி மண் போட்டான். துஆ முடிந்து எல்லோரும் கார்களை நோக்கித் திரும்பினார்கள். குன்றிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க ஜாவித், ஃப்ரீவே ஜாம் ஆயிடும்" என்றான் கூட வந்த இர்ஃபான்.

ஜாவித் திரும்பவில்லை. வெறும் வலக்கையை மெல்லத் தாழ்த்தினான். கபுரைப் பார்த்தபடியே ஒரு சின்னக் காலடி பின்னால் வைத்தான். இன்னொன்று. எதிர்ப்பக்கம் பனிக்குள் யாரோ அதே அளவு நகர்வதுபோலிருந்தது. மூன்று. நான்கு.

ஐந்தாவதில் நின்று கையைப் பார்த்தான். அவன் கட்டைவிரல் நகமும் மண்ணில் கறுத்திருந்தது.