வரவேற்பு பேனருக்கு ஒரு வானம்

திண்டுக்கல்லில் சகாயராஜை விட்டால் கல்யாணப் படம் எடுக்க ஆளே இல்லை என்று அந்த மாப்பிள்ளை வீட்டார் நம்பித் தொலைத்ததில் வந்த வினை இது. மண்டப வாசலில் வைக்கிற வரவேற்பு பேனரில் மாப்பிள்ளையும் பொண்ணும் துருவ ஒளிக்கு, அதாவது வடதுருவப் பக்கம் ராத்திரி வானத்தில் ஆடுகிற வெளிச்சத்துக்கு, கீழே நிற்க வேண்டுமாம். அதற்காக அவரை நார்வே வரைக்கும் கூட்டிப் போயிருந்தார்கள். போன நாளிலிருந்து வெறும் மேகம். இன்றைக்குத்தான் கடைசி ராத்திரி. படம் இல்லாமல் திரும்பினால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

இங்கே திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த ஸ்டூடியோவில், விடிவதற்கு முந்தைய இருட்டில், அவர் மனைவி ஜீவிதா வீடியோ காலில் இருந்தாள். அவர் கழுத்தில் தொங்கிய போனில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கேமராவும் அவர் கையும்தான். திடீரென்று அங்கே எல்லோரும் கத்தினார்கள். வெளிச்சம் வந்துவிட்டது!

பாவி மனுஷன் அப்போது செய்தாரே ஒரு காரியம். இங்கே மண்டபத்தில் செய்கிற பழக்கத்தில், லென்ஸுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதிக் கைக்குட்டையால் துடைத்தார். அந்தக் குளிரில் ஊதிய மூச்சு பனிக்கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பூசணம் பூத்த மாதிரி வெளுத்தது. இன்னொரு லென்ஸ் ஓட்டல் அறையில் கிடந்தது. பொண்ணு பட்டுப்புடவையோடு விறைத்துப்போய் நிற்கிறாள், வெளிச்சம் மங்குகிறது என்று மாப்பிள்ளை அவசரப்படுத்தினார். சகாயராஜின் கை இன்னும் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து ஜீவிதா கத்தினாள்.

"ஏங்க, அத விடுங்க. போன்ல எடுங்க."

"சார்ஜ் நிக்காது ஜீவி. இந்தக் குளிருக்குப் பொசுக்குன்னு போயிரும்."

"அதான் சொல்றேன். என்னைய கட் பண்ணுங்க."

திரை இருண்டது. செத்த நேரம் கழித்துக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. எடுத்தாரா, எடுப்பதற்குள் அணைந்ததா? வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஸ்டூடியோவுக்குள் நடந்தாள். வாங்கி வைத்த டீயைத் தொடவே இல்லை.

கடை திறக்கிற நேரத்துக்கு, போனில் எடுத்த படம் வந்தது. வானம் பூராவும் பச்சை வெளிச்சம். அதற்குக் கீழே இரண்டு பேரும் கண்ணை நன்றாகத் திறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஜீவிதா நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பின்னாலேயே அவர் கூப்பிட்டார். அந்த வானம் நேரில் பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன்? அந்தப் பொண்ணு கண்ண மூடிருமோன்னு அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."